ஐயமும் தெளிவும்: தடுப்பூசி நம் மரபணுவை மாற்றிவிடுமா?



சென்ற திங்கள் நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்றை ஓர் இளந்தாய் எழுதியிருந்தார். அவருடைய மகவுக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது. தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களுக்கும் சேர்த்து இடப்படும் ஊசிக்குப் பிள்ளையைக் கொண்டுவருமாறு கிராமச் சுகாதாரச் செவிலியர் இருமுறை வந்து அழைத்துவிட்டார். வீட்டிலோ ஒருமித்த கருத்து இல்லை. "என் கணவரின் அண்ணன் கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டி, இவ்வூசி பிள்ளையின் மரபணுவையே மாற்றிவிடும் என்கிறார். கருக்கலைப்பில் அழிந்த சிசுவின் உயிரணுவைக் கொண்டு செய்த மருந்து இது, கத்தோலிக்கர் இதைத் தொடுவதே பாவம் என்றும் சொல்கிறார். என் மாமியாரோ, நான்கு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டுத்தானே வளர்த்தேன் என்கிறார். நான் யார் சொல்லைக் கேட்பது, சுவாமி?" என்று அத்தாய் வினவுகிறார்.

இவற்றுள் முதல் கேள்வி அறிவியலைச் சார்ந்தது. இரண்டாவது மனச்சான்றைச் சார்ந்தது. ஒன்றின் விடையை மற்றதன்மேல் ஏற்றிவிடாமல், இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம்.

பதிவேடும் நகலும்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. சிவப்பணு போன்ற சிலவற்றைத் தவிர, ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் உட்கரு என்னும் ஓர் அறை உண்டு. அதனுள் 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் டி.என்.ஏ. என்னும் இழையே நம் மரபுப்பொருள். நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு அது. தந்தையிடமிருந்து ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளும், தாயிடமிருந்து அதே அளவும் நாம் பெற்றிருக்கிறோம். மரபின் விதிகளை முதன்முதல் எடுத்துரைத்தவர், பிரண் நகர மடத்தின் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்து ஆராய்ந்த கிரகோர் மெண்டல் என்னும் அகுஸ்தீனார் சபைத் துறவி. 1866ஆம் ஆண்டில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். மரபியல் என்ற சொல்லைக் கேட்டதும் அது மறைக்குப் பகையென்று அஞ்சுவோர் இதனை நினைவிற்கொள்க.

நம் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு எவ்வாறு பேணப்படுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அது பெட்டகத்தைவிட்டு எளிதில் வெளியே போவதில்லை. திருமணத்துக்கோ பள்ளிச் சேர்க்கைக்கோ சான்று வேண்டுமாயின், உரிய பக்கத்தைப் பார்த்து ஒரு நகல் எழுதித் தருகிறோம். அந்நகல் தன் வேலையை முடித்தபின் மடிந்து கிழிந்து போகும். பதிவேடு அப்படியே இருக்கும்.

உயிரணுவிலும் இத்தகைய ஒழுங்கே நிலவுகிறது. உடலுக்கு ஒரு புரதம் தேவைப்படும்போது, டி.என்.ஏ.யில் அதற்குரிய பகுதிக்கு ஒரு நகல் எடுக்கப்பட்டு, உட்கருவின் துளை வழியே வெளிக்கூடத்துக்கு அனுப்பப்படுகிறது. இந்த நகலைத் தூது ஆர்.என்.ஏ. என்பர். 1961ஆம் ஆண்டில் இதனை அறிவியலார் அடையாளம் கண்டனர். வெளிக்கூடத்திலுள்ள ரைபோசோம்கள் என்னும் நுண்ணிய தறிகள் இந்நகலைப் படித்துப் புரதத்தை நெய்கின்றன. சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ நகல் சிதைக்கப்பட்டுவிடுகிறது. நகலைப் பார்த்துப் பதிவேட்டைத் திருத்துவது உயிரணுவின் பொதுவான வழக்கமன்று. இதற்கு விலக்குகள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் கீழே சொல்வேன்.

ஊசி மருந்து எதுவரை செல்கிறது?

தடுப்பூசிகள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. இரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் இடப்படும் ஊசியில் இருப்பது, நஞ்சு நீக்கப்பட்ட புரதம் மட்டுமே. அதில் உயிரணு படிக்கத்தக்க மரபுச்செய்தி எதுவுமில்லை. ஐதராபாத்தில் செய்யப்பட்ட கோவாக்சினில் இருந்தது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அது உயிரணுவினுள் பெருக வல்லதன்று.

அத்தாய் கேட்கும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி வேறுவகை. அதில் வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ்கள் உள்ளன. அவற்றின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அவை உயிரணுவின் வெளிக்கூடத்துக்குள் நுழைகின்றன. அங்குள்ள தறிகளைக் கொண்டு தம் செய்தியைப் படிக்கச் செய்து, சிறிதளவு பெருகுகின்றன. இவையனைத்தும் உட்கருவுக்கு வெளியே நடந்து முடிகின்றன. ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக எழுதும் கருவி இவ்வைரஸ்களிடம் கிடையாது. அதனை நம் ஏட்டோடு சேர்த்துத் தைக்கும் கருவியும் கிடையாது. ஊசி போட்டு ஒரு வாரத்துக்குப் பின் சில பிள்ளைகளுக்கு இலேசான காய்ச்சலும் தடிப்பும் காண்பது, உடல் அவற்றை எதிர்க்கத் தொடங்கியதன் அடையாளம். பின்னர் உடல் அவற்றை ஒழித்துவிடுகிறது.

இது நமக்குப் புதியதன்று. நம் பிள்ளைகளின் வாயில் வரிசையில் நின்று இட்ட போலியோ சொட்டு மருந்திலும் இருந்தது உயிருள்ள வைரஸ். அதன் மரபுப்பொருளும் ஆர்.என்.ஏ.தான். ஒரு தலைமுறை முழுவதும் அதனைக் குடித்து வளர்ந்திருக்கிறது. நம் நாட்டில் இயற்கையான போலியோ வைரஸால் நேர்ந்த கடைசி நோய், 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு சிறுமிக்குக் கண்டது. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஊன்றுகோலோடு கோவிலுக்கு வரும் பிள்ளைகளை முன்பு ஒவ்வொரு பங்கிலும் கண்டோம். இன்று அத்தகைய சிறு பிள்ளைகளைக் காணாததன் காரணம் அந்த இரண்டு சொட்டுகளே.

மரபணு மாறும் என்ற அச்சம் பெரிதாகப் பரவியது கொரோனாக் காலத்தில். அப்போது மேலை நாடுகளில் தூது ஆர்.என்.ஏ. ஊசிகள் வந்தன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 4,300 எழுத்துகள் கொண்ட ஒரு நகலைக் கொழுப்புத் துளியில் பொதிந்து தருவது. வெளிக்கூடத்துத் தறிகள் அதைப் படித்து, கொரோனா வைரஸின் முள் போன்ற புரதத்தைச் செய்கின்றன. பின்னர் நகல் சிதைகிறது. பங்கில் பூசை முடிவில் படிக்கக் கொடுக்கும் அறிக்கைச் சீட்டு பதிவேட்டில் ஏறுவதில்லை அன்றோ? அதைப் போன்றதே இது. இம்முறைக்கு அடிகோலிய கத்தலின் கரிக்கோ, துரு வைஸ்மன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி விலக்குகளைச் சொல்வேன். நம்மில் மிகப் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, சிம்பன்சிக் குரங்கின் ஒரு சளி வைரஸைப் பெருகாதபடி முடக்கிச் செய்யப்பட்டது. அதன் மரபுப்பொருள் டி.என்.ஏ. அது உட்கருவினுள்ளும் செல்கிறது. ஆயினும், பதிவேட்டு அறையின் மேசைமீது வைக்கப்பட்ட தனித்தாள் போல அது தனியே கிடக்கிறது. நம் ஏட்டோடு பிணைத்துக்கொள்ளும் கருவி அதற்கு இல்லை. அந்த உயிரணு அழியும்போது தாளும் அழிந்துபோகிறது. மற்றொன்று: 2022ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லுண்டு பல்கலைக்கழக ஆய்வாளர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஈரல் புற்றுநோய் உயிரணுக்களில் ஒரு தூது ஆர்.என்.ஏ. மருந்தை இட்டபோது, அதற்கு டி.என்.ஏ. வடிவிலும் நகல் தோன்றியதைக் கண்டனர். கைப்பேசிச் செய்திகள் இதையே பெரிதாக எழுதின. ஆனால் அந்நகல் உயிரணுவின் ஏட்டில் சேர்ந்தது என்று அவ்வாய்வு காட்டவில்லை. புற்றுநோய் உயிரணுவில் கண்டதை நலமுள்ள மனிதருக்கு அப்படியே பொருத்துவதும் முறையாகாது.

அப்படியாயின் ஊசியால் எதுவுமே மாறுவதில்லையா? மாறுகிறது. நோய்க்கிருமியின் சாயலைக் கண்ட காவல் அணுக்கள் அதை நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. ஊசி போட்டபின் சிலருக்கு அக்குளில் நெறி கட்டுவது இதனால்தான். அங்கே சில வெள்ளை அணுக்கள், அக்கிருமிக்குச் சரியாகப் பொருந்தும் எதிர்ப்பொருளைச் செய்யும்பொருட்டு, எதிர்ப்பொருளுக்குரிய தம் மரபணுவைத் தாமே சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கின்றன. இது ஊசி செய்யும் திருத்தமன்று. படைப்பின்போதே இறைவன் நம் உடலில் அமைத்துவைத்த திறமை. ஒவ்வொரு நோயின்போதும் இது நிகழ்கிறது. இத்திருத்தம் அவ்வணுக்களோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. அவ்வணுக்களுள் சில பல்லாண்டுகள் வாழ்ந்து, அதே பகைவன் மீண்டும் வரும்போது அடையாளம் கண்டுகொள்கின்றன. ஊசி நமக்கு விட்டுச்செல்வது இந்த நினைவாற்றல்.

ஏட்டைத் தீண்டுவது நோயே

இங்கே ஒரு செய்தியைச் சிந்திக்க வேண்டும். மரபணுவைக் காக்க விரும்புவோர் அஞ்ச வேண்டிய பொருள் ஊசியன்று, சில நோய்களே. எய்ட்ஸ் நோயின் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக எழுதி, நம் ஏட்டிலேயே தைத்துவிடுகிறது. அதனாலேயே அந்நோயை வேரறுப்பது கடினமாயிற்று. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஈரல் உயிரணுவின் டி.என்.ஏ.யில் நுழைந்துகொள்ள வல்லது. பின்னாளில் ஈரல் புற்றுக்கும் வழி செய்கிறது. பெண்களின் கருப்பை வாயில் புற்றை விளைவிக்கும் பாப்பிலோமா வைரஸும் பலரிடம் அவ்வாறே உயிரணுவின் ஏட்டில் புகுகிறது. பின்னிரண்டையும் தடுக்க ஊசிகள் உள்ளன. அவ்வூசிகளில் இருப்பது வைரஸின் புரதம் மட்டுமே, மரபுப்பொருள் இல்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் நம் மருத்துவமனைகளில் பிள்ளைக்கு இடும் ஹெபடைட்டிஸ் பி ஊசி, மரபணுவைக் கெடுக்க வரும் பகைவனை வாசலிலேயே நிறுத்துகிறது.

தட்டம்மை மரபணுவை மாற்றுவதில்லை; ஆனால் வேறொன்றைப் பறிக்கிறது. முன்பு கண்ட நோய்களை உடல் நினைவில் வைத்திருக்கும் அணுக்களையே அது அழிக்கிறது. ஊசி போடப்படாத நிலையில் தட்டம்மை கண்ட நெதர்லாந்து நாட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களிடம் முன்பிருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோனதைக் காட்டியது. தட்டம்மையிலிருந்து தேறிய பிள்ளையை அடுத்த சில மாதங்களில் நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ கொண்டுபோவதை நம் பாட்டிமார் கண்டிருக்கிறார்கள். அதன் காரணம் இப்போது நமக்கு விளங்குகிறது.

மனச்சான்றின் கேள்வி

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதில் மழுப்புதல் ஆகாது. கைப்பேசிச் செய்தியில் ஓரளவு உண்மை இருக்கிறது.

வைரஸ் தானே வளராது, உயிரணுவில்தான் வளரும். 1962ஆம் ஆண்டில், சுவீடனில் கருக்கலைப்புச் செய்யப்பட்ட ஒரு சிசுவின் நுரையீரல் உயிரணுக்களை அமெரிக்காவின் பிலதெல்பியா நகர் விஸ்டார் நிறுவனத்தில் வளர்த்து, ஓர் உயிரணு வரிசையை உருவாக்கினர். 1966ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அத்தகைய மற்றொன்று உருவாயிற்று. இன்று பல நாடுகளில் பயன்படும் ரூபெல்லா தடுப்பு வைரஸ், நோயுற்ற தாயொருத்தியின் கருக்கலைப்புக்குப்பின் அச்சிசுவிடமிருந்து எடுக்கப்பட்டது. மேற்சொன்ன முதல் வரிசையில் வளர்த்து வலுவிழக்கச் செய்யப்பட்டது. இக்கருக்கலைப்புகள் தடுப்பு மருந்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அன்று எடுத்த உயிரணுக்களின் வழிவந்தவையே இன்றும் பெருக்கப்படுகின்றன. இம்மருந்துக்காக இன்று புதிதாக எச்சிசுவும் அழிக்கப்படுவதில்லை. மருந்தில் வைரஸைப் பிரித்தெடுத்துத் தூய்மை செய்கின்றனர். உடைந்த டி.என்.ஏ. துணுக்குகள் மிக நுண்ணிய அளவில் எஞ்சலாம். அவை பிள்ளையின் ஏட்டில் சேர்வதில்லை. உடல் அவற்றைச் சிதைத்துவிடுகிறது.

எனினும் தொடக்கத்தில் நிகழ்ந்தது தீமையே. திருச்சபை அதனை நன்மையென்று ஒருபோதும் சொல்லவில்லை. அவ்வாறாயின் நாம் அம்மருந்தை ஏற்கலாமா?

ஒரு தீச்செயலை விரும்பி அதற்கு உடன்படுவது ஒன்று. அதனை வெறுத்துக்கொண்டே, காலத்தாலும் தொடர்பாலும் வெகு தொலைவில் நின்று, அதன் வழிவந்த ஒரு பயனைப் பெற நேர்வது வேறொன்று என்று அறநெறி இறையியல் பிரித்துக் காட்டுகிறது. முற்காலத்தில் ஏழைகளை அடித்து வேலை வாங்கி வெட்டிய கால்வாய் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். இன்று அதில் நீர் பாய்ச்சும் உழவன் அக்கொடுமைக்குப் பங்காளி ஆவதில்லை. ஆனால், "கால்வாய் கிடைத்ததல்லவா, அடித்தது சரிதான்" என்று அவன் சொல்வானாயின், அப்பொழுதே பங்காளி ஆகிவிடுகிறான்.

வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் 2005ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008ஆம் ஆண்டிலும், மீண்டும் 2020 டிசம்பர் 21 அன்றும் தெளிவுரை தந்தது. அவற்றின் சாரம் இது: குற்றமற்ற மாற்று மருந்து கிடைக்காதபோது, இத்தகைய மருந்தை ஏற்பது அறநெறிக்கு ஒத்ததே. ஏற்பதனால் கருக்கலைப்பை ஒப்புக்கொண்டதாகாது. அதேவேளையில், மாசற்ற முறையில் மருந்து செய்யுமாறு அரசுகளையும் மருந்து நிறுவனங்களையும் வற்புறுத்துவது நம் கடமை. ஊசியைப் பொதுவாக எவர்மீதும் கட்டாயமாகத் திணித்தலாகாது. மனச்சான்றை முன்னிட்டு மறுப்போர், தம்மால் பிறருக்கு நோய் பரவாதபடி எல்லா முயற்சியும் செய்யக் கடமைப்பட்டவர்கள். ஜப்பானில் முயலின் சிறுநீரக உயிரணுவில் வளர்த்த ரூபெல்லா மருந்து உண்டு. நம் அரசுத் திட்டத்தில் அது கிடைப்பதில்லை. ஆகவே மேற்சொன்ன அனுமதி நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

2005ஆம் ஆண்டின் ஆய்வுரை ரூபெல்லாவைக் குறித்துத் தனியே எச்சரிக்கிறது. பிள்ளைக்கு ஊசி போட மறுத்து, அதனால் ஒரு கருவுற்ற தாய்க்கு நோய் தொற்றுமாயின், அதன் கேடுகளுக்கு அப்பெற்றோரும் பொறுப்பாளிகள் ஆகிறார்கள் என்பதே அவ்வெச்சரிக்கை. ஏன் இவ்வளவு கடுமை? பிள்ளைக்கு ரூபெல்லா மிக இலேசான நோய். மூன்று நாள் தடிப்பு, சிறிது காய்ச்சல், அவ்வளவே. ஆனால் கருவுற்ற முதல் மாதங்களில் ஒரு தாயை அது பற்றுமாயின், கரு சிதையலாம். பிறக்கும் மகவு கண் புரையோடும், காது கேளாமலும், இதயக் குறையோடும் பிறக்கலாம். இதனை 1941ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். 1964-65ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்நோய் பரவியபோது, சுமார் 20,000 குழந்தைகள் இத்தகைய குறைகளோடு பிறந்தனர். சுமார் 11,000 கருக்கள் இழக்கப்பட்டன; அவற்றுள் அஞ்சிய பெற்றோரே கலைத்தவையும் உண்டு. ஊசி பரவியபின், 2015ஆம் ஆண்டில் வட, தென் அமெரிக்க நாடுகள் அனைத்தும் இந்நோய் ஒழிந்த பகுதியாக அறிவிக்கப்பட்டன. கருவிலிருக்கும் உயிரை மதிக்கிறோம் என்போர் இவ்வெண்ணிக்கைகளைக் கருத வேண்டும்.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

தமிழகத்தில் இவ்வூசி 2017 பிப்ரவரியில் பெருந்திட்டமாகத் தொடங்கியபோதும் வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். தட்டம்மை எளிதில் பரவும் நோயாதலால், ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் காப்புப் பெற்றால்தான் ஊர் முழுவதற்கும் பாதுகாப்பு. ஊசி போட இயலாத பச்சிளம் குழந்தைகளையும், புற்றுநோய்க்கு மருந்துண்ணும் பிள்ளைகளையும் காப்பது மற்ற வீடுகளின் பொறுப்பு.

தடுப்பூசியால் எத்தீங்கும் வராது என்று சொல்வதும் உண்மையன்று. கோவிஷீல்டால் மிகச் சிலருக்கு இரத்தம் உறையும் நோய் நேர்ந்தது. தூது ஆர்.என்.ஏ. ஊசியால் இளைஞர் சிலருக்கு இதயத்தசையில் அழற்சி கண்டது. இவை மரபணு மாறியதால் வந்தவையல்ல. முன்னதில், உடலின் எதிர்ப்பொருளே இரத்தத் தட்டணுக்களின் ஒரு புரதத்தின்மேல் திரும்பியது. தட்டம்மை, ரூபெல்லா ஊசியைக் கருவுற்ற பெண்களுக்கு இடுவதில்லை. எதிர்ப்பாற்றல் மிகக் குன்றிய பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே காத்திருங்கள். ஒன்பதாம் மாத ஊசியோடு நில்லாமல், 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் ஊசியையும் போட்டுவிடுங்கள்.

கைப்பேசியில் வரும் செய்தியை ஆராயாமல் பிறருக்கு அனுப்புவோருக்கும் ஒரு சொல். எட்டாம் கட்டளை வாய்ச்சொல்லோடு முடிவதன்று. விரல் நுனியால் பரப்பும் பொய்யையும் அது தடுக்கிறது. நல்லெண்ணத்தோடு அனுப்பினேன் என்பதால் விளைவு மாறிவிடாது. ஐயமிருப்பின் மருத்துவரைக் கேளுங்கள். அறநெறி ஐயமாயின் உங்கள் பங்குத் தந்தையைக் கேளுங்கள். ஐயத்தோடு வருவோரைக் கடிந்து அனுப்பலாகாது என்று மருத்துவரையும் குருக்களையும் வேண்டுகிறேன். அஞ்சும் தாயை ஏளனம் செய்தால், அவள் அடுத்த முறை கைப்பேசியைத்தான் கேட்பாள்.

கன்னி மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து எலிசபெத்தம்மாளின் இல்லத்தில் நுழைந்தபோது, வயிற்றிலிருந்த குழந்தை அகமகிழ்ந்து துள்ளிற்று. கருவுற்ற பெண் இல்லாத தெரு எது? நம் பிள்ளைகள் நாள்தோறும் அவ்வீடுகளுக்குள் ஓடிச் சென்று விளையாடுகிறார்கள். அவர்கள் வருகையால் அங்கு வளரும் சிசுவுக்கு மகிழ்ச்சியே வரட்டும், நோய் வரவேண்டாம். ஆகவே, மடல் எழுதிய சகோதரியே, உங்கள் மாமியாரையும் உடன் அழைத்துக்கொண்டு, வரும் புதன்கிழமையே பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். உங்கள் கணவரின் அண்ணனிடம் இப்பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். அவரோடு சண்டை வேண்டாம். கருவிலுள்ள உயிருக்காக அவர் கொண்ட வருத்தம் நல்ல வருத்தமே. அதனை, கருக்கலைப்பின் கொடுமையை ஒழிக்கவும் மாசற்ற மருந்துகளைக் கேட்கவும் அவர் பயன்படுத்தட்டும்.

இறைவன் உங்கள் இல்லத்தையும் மகவையும் ஆசீர்வதிப்பாராக.